எட்டு பிட் கணினியில் யுஎஸ்பி: எந்த சிப்பைப் போடுவது?

கேள்வி, ஜனவரி 8

65சி02 என்ற எட்டு பிட் செயலியை வைத்து சொந்தமாக ஒரு கணினி கட்டியிருக்கிறேன். 2 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி ராம், உள்ளீடு-வெளியீட்டுக்கு ஒரு 6522 சிப். இப்போதைக்கு எஃப்டி232 என்ற யுஎஸ்பி-சீரியல் சிப் வழியாக மடிக்கணினியோடு பேசுகிறது. அந்த வால் இல்லாமல் தனியாக ஓட வேண்டும் என்பது ஆசை. கீபோர்டு சொருக வேண்டும், பென் டிரைவ் சொருக வேண்டும். எஸ்பிஐ (பிட் பிட்டாக அனுப்பும் தொடர் இணைப்பு) என்றால் கம்பி குறைவு, அதனால் மேக்ஸ்3421இ என்ற யுஎஸ்பி சிப்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். 12 மெகாபிட் வேகம் என்கிறார்கள், தாராளம். வேறு ஏதாவது யோசிக்க வேண்டுமா? ஏற்கெனவே இருக்கும் எஃப்டி232-லேயே கீபோர்டைச் சொருக வழி உண்டா?

ஜனவரி 8, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில்: வழி இல்லை. எஃப்டி232, எஃப்டி245 எல்லாம் டிவைஸ் பக்கம். அவை மடிக்கணினி கேட்டால் பதில் சொல்லும், தானாகப் பேச்சைத் தொடங்காது. யுஎஸ்பியில் பேச்சைத் தொடங்கும் உரிமை ஹோஸ்டுக்கு மட்டும்தான். கீபோர்டும் பென் டிரைவும் டிவைஸ்கள். இரண்டு டிவைஸ்களை ஒன்றோடு ஒன்று இணைத்தால் இரண்டும் யாராவது கேட்பார்கள் என்று காத்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஹோஸ்ட் சிப்.

சிப்பே இல்லாமல், 6522-இன் இரண்டு பின்களை ஆட்டி ஓட்டலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். யுஎஸ்பியின் மிக மெதுவான வேகமே 1.5 மெகாபிட். ஒரு பிட்டுக்கு 667 நானோசெகண்ட். உங்கள் 65சி02-க்கு ஒரு கிளாக்கே 500 நானோசெகண்ட், ஒரு கட்டளைக்குக் குறைந்தது இரண்டு கிளாக். ஒரு பிட்டைப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதற்கு மேல் என்ஆர்இசட்ஐ என்ற பிட் குறியீடு, ஆறு ஒன்றுகளுக்கு அப்புறம் ஒரு பூஜ்யத்தைச் செருகுவது, பிழை கண்டுபிடிக்கும் சிஆர்சி. விட்டுவிடுங்கள்.

ஜனவரி 9

இனி சிப்கள். எட்டு பிட் ஆட்கள் பையில் வழக்கமாகக் கிடப்பவை மூன்று.

மேக்ஸ்3421இ: நீங்கள் சொன்னது. எஸ்பிஐ 26 மெகாஹெர்ட்ஸ் வரை. ஹோஸ்டாகவும் டிவைஸாகவும் இருக்கும். ஆர்டுயினோ யுஎஸ்பி ஹோஸ்ட் ஷீல்டில் இருப்பது இதுதான், அதனால் பார்த்து எழுத மாதிரி நிரல் ஏராளம். ஆனால் இது தாழ்மட்ட சிப். பாக்கெட்டை அனுப்பும், வாங்கும், பதில் என்ன என்று சொல்லும். டிவைஸுக்கு முகவரி கொடுப்பது, அது என்ன வகை என்று சொல்லும் டிஸ்கிரிப்டரைப் படிப்பது, பென் டிரைவுக்கு ஸ்கசி என்ற சேமிப்புக் கட்டளைகளைக் கட்டி அனுப்புவது எல்லாம் உங்கள் தலையில். 3.3 வோல்ட் மட்டும். பின் இடைவெளி அரை மில்லிமீட்டர், சால்டர் செய்யக் கை நடுங்கக் கூடாது.

எஸ்எல்811ஹெச்எஸ்: எட்டு பிட் இணை பஸ் (எட்டுக் கம்பியில் ஒரு பைட் ஒரேயடியாகப் போகும்), ஒரே ஒரு முகவரிக் கம்பி, உள்ளே 256 பைட். 3.3 வோல்ட்டில் ஓடும், 5 வோல்ட் உள்ளீட்டைத் தாங்கும். 28 பின் பிஎல்சிசி என்பதால் சாக்கெட்டில் உட்காரும். எனக்கு ரொம்பப் பிடித்த சிப் இது. ஆனால் உற்பத்தி ஓய்ந்துபோன சரக்கு, பழைய இருப்பைத் தேடித்தான் வாங்க வேண்டும். புதிதாக ஒரு போர்டை இதை நம்பி வரையாதீர்கள்.

சிஹெச்375, சிஹெச்376: டபிள்யூசிஹெச் நிறுவனத்தின் சிப்கள். இணை பஸ் உண்டு, 5 வோல்ட்டில் நேராக ஓடும். பென் டிரைவோடு பேசும் முழு உரையாடலும் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. செக்டர் (512 பைட் துண்டு) எண்ணைக் கொடுத்தால் செக்டர் வரும். 376 இன்னும் ஒரு படி மேல்: ஃபேட்12, 16, 32 என்ற கோப்பு அமைப்புகள் மூன்றையும் அதுவே படிக்கும், கோப்பின் பெயரைக் கொடுத்தால் கோப்பு வரும். எம்எஸ்எக்ஸ் கணினிகளுக்கான ரூக்கி டிரைவில் இருப்பதும் 376தான்.

விஎன்சி1எல் என்று ஒன்றும் இருந்தது, அதுவும் ஃபேட் தெரிந்த சிப். இன்று அதைத் தொட எனக்குக் காரணம் தெரியவில்லை. ஐஎஸ்பி1161 போன்றவை 16 பிட் பஸ். எட்டு பிட் ஆள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

12 மெகாபிட் பற்றிச் சொல்ல மறந்தேன். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முழு வேக யுஎஸ்பியில் ஒரு மில்லிசெகண்டுக்கு அதிகபட்சம் 64 பைட் பாக்கெட் 19 போகும், அதாவது நொடிக்குச் சுமார் 1200 கேபி. உங்கள் 65சி02 பக்கம் பாருங்கள். இணை பஸ் சிப்பிலிருந்து ஒரு பைட்டை எடுத்து நினைவகத்தில் வைக்கும் மிகச் சின்ன லூப்: எல்டிஏ (படி) 4 கிளாக், எஸ்டிஏ (எழுது) சுட்டி வழியாக 6, ஐஎன்ஒய் (ஒன்று கூட்டு) 2, பிஎன்இ (திரும்பிப் போ) 3. மொத்தம் 15. 2 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 133 கேபி. இசட்80 செயலி வைத்திருப்பவர்களுக்கு ஐஎன்ஐஆர் கட்டளை ஒரு பைட்டுக்கு 21 டி-ஸ்டேட் (கிளாக்), 4 மெகாஹெர்ட்ஸில் 190 கேபி. யுஎஸ்பி எவ்வளவு வேகமாக இருந்தாலும் மடை இவ்வளவுதான்.

இதே வேலையை 6522-இன் பின்களை ஆட்டி எஸ்பிஐயாகச் செய்தால் ஒரு பைட்டுக்கு 150 கிளாக் பக்கம் போய்விடும். நொடிக்கு 13 கேபி. 512 பைட் செக்டர் ஒன்றுக்கு இணை பஸ்ஸில் 4 மில்லிசெகண்ட், எஸ்பிஐயில் 40. 6522-இன் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் இருக்கிறதே என்பீர்கள். அது ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்தான், அனுப்பும்போதே வாங்காது. 74595, 74165 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப்களைச் சேர்த்து வன்பொருள் எஸ்பிஐ கட்டலாம். அப்படிக் கட்டினால் "கம்பி குறைவு" என்ற வாதம் எங்கே போனது?

மைக்ரோகன்ட்ரோலர் ஆட்களுக்கு எஸ்பிஐ எளிது. நமக்கு வெளியே எட்டுக் கம்பி பஸ் சும்மாவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் தொற்றிக்கொள்ளும் சிப்தான் எளிது.

ஜனவரி 11

கேட்டவர் சொல்கிறார்: "பரவாயில்லை, 40 மில்லிசெகண்ட் எனக்குப் போதும். பழைய ஃபிளாப்பியை விட வேகம்தானே?"

நியாயம். கீபோர்டுக்கு மட்டும் என்றால் இன்னும் நியாயம், ஒரு தடவைக்கு எட்டு பைட்தான் வரும். அப்படியானால் வேகத்தை விட்டு வோல்ட்டேஜைப் பாருங்கள். இன்று விற்கும் டபிள்யூ65சி02எஸ், 5 வோல்ட்டில் ஓடும்போது "ஒன்று" என்று ஏற்க மின்னழுத்தத்தில் 70 சதவீதம் கேட்கும், அதாவது 3.5 வோல்ட். 3.3 வோல்ட் சிப் எவ்வளவு தம் கட்டினாலும் 3.3-க்கு மேல் தராது. மேசையில் ஓடும், வெயில் காலத்தில் ஓடாது என்ற வகைத் தொல்லை இது. நடுவில் மின்னழுத்தத்தை ஏற்றித் தர ஒரு 74ஹெச்சிடி245 சிப் போட வேண்டும், ஹெச்சிடி, வெறும் ஹெச்சி இல்லை. ஹெச்சி-யும் அதே 3.5-ஐத்தான் கேட்கும். எதிர்த்திசையில், 5 வோல்ட்டிலிருந்து மேக்ஸ்3421இ-க்குப் போகும் கம்பிகளுக்கு 3.3-இல் ஓடும் 74எல்விசி வகை.

இல்லாவிட்டால் மொத்தக் கணினியையும் 3.3-இல் ஓட்டலாம். டபிள்யூ65சி02எஸ் அதற்கு ஒத்துக்கொள்ளும். ராம், ரோம், கடிகாரம் எல்லாம் ஒத்துக்கொள்ளுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

376-ஐ 5 வோல்ட்டில் போட்டால் இந்தப் பத்தியே தேவையில்லை. வி3 பின்னுக்கு ஒரு சின்ன கெபாசிட்டர், அவ்வளவுதான். 3.3-இல் ஓட்டினால் மட்டும் அந்தப் பின்னை மின்னழுத்தத்தோடு சேர்க்க வேண்டும். மறந்தால் சிப் பாதி உயிரோடு இருக்கும், அது முழுதாகச் சாவதை விட மோசம்.

ஜனவரி 11, மறுபடி

தனியாக ஒருவர் எழுதிக் கேட்டார்: சிப்பே ஃபேட் படிக்கிறது என்றால் அது ஏமாற்று இல்லையா, 6502-ஐ விடப் பெரிய மூளை அதற்குள் இருக்குமே என்று.

நீங்கள் சொருகப் போகும் கீபோர்டுக்குள்ளும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. பென் டிரைவுக்குள் இன்னொன்று. தூய்மை வேண்டும் என்றால் சுவிட்சுகளை வரிசை வரிசையாகக் கோர்த்து நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். அதற்கும் என் வணக்கம்.

ஜனவரி 14

சிஹெச்376-ஐ பஸ்ஸில் தொங்கவிடுபவர்கள் கவனிக்க வேண்டியது.

படிக்கச் சொல்லும் ஆர்டி, எழுதச் சொல்லும் டபிள்யூஆர் இரண்டு கம்பிகளையும் 6502-இல் நாமே உண்டாக்க வேண்டும். ஆர்/டபிள்யூ கம்பியோடு ஃபை2 கடிகாரத்தைச் சேர்க்காமல் விட்டால், முகவரி நிலைப்பதற்கு முன்பே சிப்புக்குப் படிக்கச் சொல்லிப் போகும். நினைவகத்துக்கு அது வலிக்காது, எத்தனை தடவை படித்தாலும் அதே பைட். இந்த மாதிரி சிப்புக்கு ஒவ்வொரு படிப்பும் ஒரு பைட்டைத் தின்னும். இசட்80-இல் ஐஓஆர்க்யூ கம்பியோடு ஆர்டி, டபிள்யூஆர் சேர்த்தால் போதும்.

இதே வகையில் இன்னொரு பேய். பழைய என்மாஸ் 6502, "எஸ்டிஏ முகவரி,எக்ஸ்" என்ற கட்டளையில் எழுதுவதற்கு முன் ஒரு வெற்றுப் படிப்பு செய்யும். பக்கம் தாண்டாவிட்டால் அந்தப் படிப்பு போவது அதே முகவரிக்கு. எஃப்டி245 போல் படிப்பதும் எழுதுவதும் ஒரே முகவரியில் இருக்கும் சிப்பில் இது என்ன செய்யும்? ஒரு எழுத்தை அனுப்பும்போது, வந்து காத்திருக்கும் ஒரு எழுத்து காணாமல் போகும். அதுவும் எப்போதாவது மட்டும், இரண்டு பக்கமும் ஒரே சமயம் பேசும்போது. ஆப்பிள் 2 அட்டைகளுக்கு ஸ்லாட் எண்ணை எக்ஸ்-இல் வைத்து எழுதும் வழக்கம் இருப்பதால், அங்கிருந்து நிரலை அப்படியே எடுப்பவர்கள் இதில் வழுக்குவார்கள். நிரலை வரி வரியாகப் படித்தால் தப்பே தெரியாது, லாஜிக் அனலைசர் மாட்டினால்தான் தெரியும். என் வழக்கம்: ரெஜிஸ்டர்களுக்கு எப்போதும் நேர் முகவரி, இன்டெக்ஸ் கிடையாது. 65சி02-இல் இந்த வெற்றுப் படிப்புகள் பலவற்றை மாற்றிவிட்டார்கள் என்றாலும் பழக்கத்தை விடவில்லை.

ஜனவரி 15

நேரம் பற்றி ஒரு வரி: 376-க்குக் கட்டளை பைட் எழுதியபின் அடுத்த பைட்டுக்கு ஏறக்குறைய 1.5 மைக்ரோசெகண்ட் இடைவெளி வேண்டும். 2 மெகாஹெர்ட்ஸில் இரண்டு எஸ்டிஏ-வுக்கு நடுவே அது தானாகவே கிடைத்துவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் இசட்80 ஆட்கள் நாப் (சும்மா நேரம் கடத்தும் கட்டளை) போடுங்கள்.

ஜனவரி 19

கோப்பு வசதியைப் பற்றி மேலே உற்சாகமாக எழுதியிருந்தேன். இப்போது கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

கோப்புக் கட்டளைகள் சுகம்தான். 8.3 பெயரை (எட்டு எழுத்து, பின்னால் மூன்று எழுத்து) கொடு, திற, படி. 6502-இல் 32 பிட் கூட்டல் எழுதி கிளஸ்டர் சங்கிலியைத் துரத்தும் வேலை மிச்சம். சில கேபி ரோமும் 512 பைட் ராமும் மிச்சம். சொந்தமாக ஒரு மானிட்டர், ஒரு பேசிக் வைத்து, "லோடு" "சேவ்" மட்டும் போதும் என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் உங்கள் இயக்க முறைமை அந்தச் சிப்பின் கட்டளைகள் மேல் உட்கார்ந்துவிடும். நாளைக்கு காம்பாக்ட் ஃபிளாஷுக்கோ எஸ்டி கார்டுக்கோ மாறினால் மேல் பாதியையும் திருப்பி எழுத வேண்டும். சிபி/எம் என்ற பழைய இயக்க முறைமையை ஓட்டுபவர்களுக்கு ஃபேட்டே தேவையில்லை, அதற்கு வேண்டியது செக்டர். 376-இலும் செக்டர் கட்டளை இருக்கிறது: ஹெக்ஸ் 54 படிக்க. 64 பைட் வரும், நிலையைக் கேட்டு "மேலே போ" என்று 55 அனுப்பினால் அடுத்த 64, இப்படி எட்டுத் தடவை. இதற்கு சிஹெச்375 சிப்பே போதும்.

இன்னொன்று: 376-க்கு எக்ஸ்ஃபேட் என்ற புதிய கோப்பு அமைப்பு தெரியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில்தான் வரும். டிராயரில் கிடக்கும் பழைய 2 ஜிபி டிரைவைத் தேடுங்கள். 64 கேபி கணினிக்கு அதுவே ஒரு கடல்.

ஜனவரி 22

"அப்போ கீபோர்டையும் அதே 376-இல் சொருகலாமா?"

சொருகலாம், ஆனால் அங்கே சிப்பின் உதவி பாதியில் நின்றுவிடும். பென் டிரைவுக்குச் செய்த மாதிரி எல்லாவற்றையும் அதுவே செய்யாது. கீபோர்டு பெரும்பாலும் குறைந்த வேக டிவைஸ், அந்த வேகத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். முகவரி கொடுத்து, கான்ஃபிகரேஷன் கொடுத்து, பூட் புரோட்டோகால் என்ற எளிய பேச்சு முறைக்கு வரச் சொல்லி, அப்புறம் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விசை மாறாதவரை கீபோர்டு "இல்லை" என்று நாக் அனுப்பும். நாக் வந்தால் சிப் தானே திரும்பத் திரும்ப முயலும் அமைப்பில் இருந்தால், நீங்கள் விசையைத் தட்டும் வரை அது உங்களிடம் திரும்பி வராது. மறுமுயற்சி அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். இதை டேட்டாஷீட்டில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், ஆங்கில வடிவமும் முரடு.

வருவது எட்டு பைட். முதலாவது ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை. இரண்டாவது வெறுமை. மிச்சம் ஆறும் அப்போது அழுத்தியிருக்கும் விசைகள். ஆஸ்கி இல்லை: "ஏ" என்றால் 4, என்டர் என்றால் ஹெக்ஸ் 28. எது புதிதாக அழுத்தப்பட்டது என்று பழைய எட்டையும் புதிய எட்டையும் ஒப்பிட்டு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப வரவைப்பதும் உங்கள் வேலை.

சிப்புக்கு ஒரே போர்ட்தான். கீபோர்டும் டிரைவும் ஒன்றாக வேண்டும் என்று ஹப் போட்டால் ஹப்பை ஓட்டும் நிரலும் நீங்களே எழுத வேண்டும். முழு வேக ஹப்புக்குப் பின்னால் குறைந்த வேக கீபோர்டு இருந்தால் ஒவ்வொரு பேச்சுக்கும் முன் ஒரு முன்னறிவிப்புப் பாக்கெட் போக வேண்டும். மேக்ஸ்3421இ-யில் இதற்கென்றே ஒரு பிட் இருக்கிறது. நீங்கள் முதலில் சொன்ன சிப்புக்கு ஆதரவாக நான் சொல்லும் உருப்படியான வாதம் இதுதான்: எல்லாவற்றையும் ஒரே ஹப்பில் சொருக வேண்டும், நிரல் எழுத அஞ்ச மாட்டேன் என்பவர்களுக்கு அது சரியான சிப்.

எனக்கு அந்த வயது போய்விட்டது. கீபோர்டுக்கு பிஎஸ்/2 என்ற பழைய இணைப்பு போதும். அதன் கடிகாரம் 10 முதல் 16.7 கிலோஹெர்ட்ஸ், ஒரு பிட்டுக்குக் குறைந்தது 60 மைக்ரோசெகண்ட். 2 மெகாஹெர்ட்ஸ் 65சி02-க்கு 120 கிளாக், நிம்மதியாகப் பிடிக்கலாம். விசை திரும்ப வருவதையும் கீபோர்டே செய்யும். பழைய யுஎஸ்பி கீபோர்டுகள் சில, பச்சை-ஊதா மாற்றிச் சொருகியோடு பிஎஸ்/2-வும் பேசும். புதியவற்றில் பல பேசாது. அந்தச் சொருகிக்குள் சிப் எதுவும் இல்லை, வெறும் கம்பி. அதனால் கீபோர்டுக்கே இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 23

ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலர் பற்றி ஏன் பேசவில்லை என்று இரண்டு பேர். சரி.

அது யுஎஸ்பி ஹோஸ்டாக இருக்கும், டைனியுஎஸ்பி நூலகம் இருக்கிறது, கீபோர்டைப் படித்து ஆஸ்கியாக ஒரு இணை போர்ட்டில் கொட்டிவிடலாம். ஒரு மாலை வேலை. 5 வோல்ட் தாங்காது, மேலே சொன்ன மாற்றிகளைப் போட வேண்டும். அதன் உள்ளே 264 கேபி ராம், இரண்டு கோர், 133 மெகாஹெர்ட்ஸ். முழு 64 கேபி முகவரிவெளியையும் அதன் ஒரு மூலையில் வைத்து 6502-ஐயே நிரலாக ஓட்டிவிடும். அந்த எண்ணம் ஒரு தடவை வந்துவிட்டால் போர்டில் இருக்கும் உண்மையான 6502-ஐப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ஜனவரி 11 அன்று தூய்மையைக் கிண்டல் செய்தவன் நான்தான், தெரியும். எங்கேயோ ஒரு கோடு போடுகிறேன், என் கோடு சிஹெச்376-க்கும் ஆர்பி2040-க்கும் நடுவில் விழுகிறது. காரணம் கேட்காதீர்கள்.

ஜனவரி 30

கேட்டவர் 376எஸ் வாங்கிவிட்டார். எஸ் என்று முடிவதைக் கவனியுங்கள், 28 பின். 376டி-யில் இணை பஸ் கிடையாது.

முதல் சோதனை பென் டிரைவ் இல்லாமல்: ஹெக்ஸ் 06 கட்டளை, அதற்குப் பின் 57 எழுதினால் 57-இன் பிட்கள் தலைகீழாகி ஏ8 வர வேண்டும். 55-உம் ஏஏ-யும் கொடுத்துப் பாருங்கள், எந்தக் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். எஃப்எஃப் வந்தால் சிப் தேர்வுக் கம்பியைப் பாருங்கள். அப்புறம்தான் 15 கட்டளையும் 6 என்ற ஹோஸ்ட் நிலையும்.

பிப்ரவரி 2

"ஏ8 வருகிறது. டிரைவைச் சொருகினால் மொத்தக் கணினியும் ரீசெட் ஆகிறது."

சிப் மேல் பழி இல்லை. டிரைவுக்குள் இருக்கும் கெபாசிட்டர் சொருகிய நொடியில் காலியாக வந்து உங்கள் 5 வோல்ட்டை உறிஞ்சுகிறது. யுஎஸ்பி விதிப்படி டிவைஸ் 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் காட்டக் கூடாது, ஹப் தன் போர்ட்டுகளுக்கு 120 வைத்திருக்க வேண்டும். உங்கள் போர்டில் யுஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் என்ன இருக்கிறது? படத்தில் 0.1 மட்டும்தான் தெரிகிறது. சாக்கெட்டுக்கு மிக அருகில் 150 அல்லது 220 மைக்ரோஃபாரட் போடுங்கள், அதற்கு முன்னால் ஒரு பாலிஃபியூஸ் (தானே மீளும் ஃபியூஸ்). 5 வோல்ட்டை பிரெட்போர்டின் நீண்ட கம்பி வழியாக எடுக்காமல் பவர் சாக்கெட்டிலிருந்து தனியாக இழுங்கள்.

அப்படியும் ரீசெட் ஆனால் பவர் அடாப்டரின் மேல் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, அதைச் சொல்லுங்கள். டிரைவுக்கு மட்டுமே 500 மில்லிஆம்பியர் வரை ஒதுக்க வேண்டும்.